போகித் தீயில் போட்ட பிளாப்பிகள்

தம்பிக்கு,

பெரிய பேரன் பத்தாவதில் பள்ளிக்கே முதலாக வந்தான். பேத்திக்கு வேலூரில் நர்சிங் படிக்க இடம் கிடைத்துவிட்டது. என் கடைசி மகள் கஸ்தூரி வேங்கிக்காலில் சொந்தமாகக் கம்ப்யூட்டர் சென்டர் திறந்துவிட்டாள். நீ மெட்ராஸுக்குப் போன பிறகு, உன் வயிறு எரியட்டும் என்றுதான் இதையெல்லாம் எழுதுவேன். எவ்வளவு இளைத்திருக்கிறாய் என்று பார்க்க, புதுசாக ஒரு போட்டோ அனுப்பச் சொல்வேன். இனி கேட்கமாட்டேன். ஐப்பசியில் நீ போய்ச் சேர்ந்துவிட்டாய்.

இன்று போகி. தெருவில் பாய் எரிகிற புகை உள்ளே வந்ததும் உன் முகம்தான் வந்தது.

நீ இங்கே கம்ப்யூட்டர் சென்டர் வைத்திருந்தபோது வந்த கடைசிப் போகிக்கு உன் சென்டர் வாசலிலும் நெருப்பு. புரோகிராம் எழுதுகிற சாஃப்ட்வேர் புதிதாக வந்திருந்தது. அதை ஏற்றிவிட்டு, பழைய சாஃப்ட்வேர் இருந்த பிளாப்பிகளை அள்ளித் தீயில் போட்டாய். உன்னிடம் வேலை பார்த்த கஸ்தூரி ஓடி வந்தாள்.

"மாமா, நான் எழுதின புரோகிராமெல்லாம் பழசுல எழுதினது. புதுசுல ஓடுதான்னு பாத்துட்டுப் போடுங்க."

"புதுசு பழசையும் சேத்து ஓட்டும். போகி அன்னைக்கு யாராவது பழசை உள்ள வெப்பாங்களாடி?" என்று சிரித்தாய்.

அவள் எழுதினது புதுசில் ஓடவில்லை. ஐந்தாவது வரை படித்த எனக்கும் புரியும்படி அவள் சொன்னாள்: "பழசுக்கு நான் சொன்னது புதுசுக்குப் புரியலம்மா. பழசு இருந்தா ஓட்டிடுவேன்."

மாட்டுப் பொங்கலன்று கோயில் திருவூடல் விழாவுக்கு ஊர் நிரம்பியது. ஒரு லாட்ஜுக்கு அவள் எழுதிக் கொடுத்திருந்த புரோகிராம் ஓடாமல், அறைப் பதிவெல்லாம் அதற்குள்ளேயே மாட்டிக்கொண்டது. ஒரே அறைக்கு இரண்டு குடும்பம் மூட்டையோடு வந்து நின்றது. லாட்ஜ்காரர் கத்தினார். நீ என்ன சொன்னாய்? "இவ எழுதினதே தப்புங்க. பொட்டப்புள்ளைய நம்பினேன் பாருங்க."

தாய்மாமன் வாயால் வந்த சொல். அதன் பிறகு அவளை யார் வேலைக்குக் கூப்பிடுவார்கள்? வீட்டில் உட்கார்ந்து, எழுதினதையெல்லாம் புதுசுக்கு ஏற்றபடி முதலிலிருந்து எழுதினாள்.

நான் தேரடித் தெருவில் கடை கடையாக ஏறினேன். "அவனே கொளுத்திட்டு எம் பொண்ணு மேல பழி போட்டான்." உன் சென்டருக்கு ஆள் கம்மியானது. பூட்டிவிட்டு ஊரைவிட்டே போனாய். எனக்கு வருத்தமே இல்லை.

உன் சாவு வீட்டில் உன் பெண்டாட்டி என் கையைப் பிடித்துக்கொண்டாள். "மனசுல எதுவும் வெச்சுக்காதீங்க அண்ணி."

"எம் பொண்ணு மேல தப்பில்லன்னு அவன் ஒரு வார்த்தை சொல்லட்டும், விட்டுடறேன்" என்றேன்.

எல்லோரும் உன் முகத்தைப் பார்த்தார்கள். நீ சொல்லவில்லை. நான் இன்னும் விடவில்லை.