பிறை பார்த்து கம்ப்யூட்டர் நிறுத்தம்

டிச. 12, புதன்

காலையிலிருந்து தூறல். சர்வர் அறையில் பசை நெடி, பக்கத்து ஹாலில் ஷூ ஒட்டுகிறார்கள்.

சாஃப்ட்வேர் புது வெர்ஷன் போட்டுச் சரிபார்க்க இரண்டு நாள் வேண்டும். வெள்ளிக்கிழமை லீவு மட்டும் போதாது. ரம்ஜானுக்கு ஞாயிறு, திங்கள் ஃபாக்டரி மூடல். கச்சிதம். அடுத்த புதன் ஜெர்மனி கண்டெய்னர். எந்தப் பெட்டியில் எந்த சைஸ் என்பது கம்ப்யூட்டருக்குத்தான் தெரியும். அது அழிந்தால் ஒட்டிய பெட்டி அத்தனையும் பிரித்து எண்ணணும். அழியாது. நான் இருக்கிறேன்.

ஞாயிறு, திங்கள் கம்ப்யூட்டர் நிறுத்தம் என்று நோட்டீஸ் ஒட்டினேன். டிஸ்பாட்ச் மேனேஜர் இக்பால் பாய் நின்று படித்தார்.

"ஞாயித்துக்கிழமைன்னு யார் தம்பி சொன்னது? பிறை தெரியணும்ல."

காலண்டரில் போட்டிருக்கிறது என்றேன். சிரித்துவிட்டுப் போனார். நோட்டீஸை மாற்றவில்லை.

டிச. 13, வியாழன்

நோன்பு மாதம், டீக்கடைக்குத் திரை. உள்ளே புகுந்து குடிப்பது பேஜார். கம்ப்யூட்டர் கணக்கை நகல் எடுக்கப் புது டேப் வாங்கியாச்சு. செருப்பு வார் அறுந்தது. செருப்பு ஊரில் இருந்துகொண்டு!

டிச. 15, சனி

வேலை முடிந்ததும் பேக்கப். திரையில் 'முடிந்தது' என்று வந்தது. டேப்பைத் திருப்பிப் போட்டுச் சோதிக்கலாம். தேவையில்லை.

மொட்டை மாடியில் கூட்டம், மேற்கே மேகம். நானும் கழுத்து வலிக்கப் பார்த்தேன். நோன்பு திறந்துவிட்டு வந்த பாய்:

"நோன்பு வெச்ச எங்களுக்கே இவ்ளோ அவசரம் இல்ல. உனக்கு இன்னா?"

பள்ளிவாசல் மைக்கில் சொல்லிவிட்டார்கள். பிறை இல்லை. நாளைக்கு வேலை நாள். என் பிளான் ஒரு நாள் தள்ளிப் போச்சு.

டிச. 16, ஞாயிறு

எரிச்சல். சர்ச்சுக்கும் போகவில்லை. சும்மா இருக்க முடியாமல் நேற்றைய டேப்பைப் பழைய மெஷினில் ஏற்றிப் பார்த்தேன். எல்லாம் இருக்கிறது, பெட்டிக் கணக்குள்ள டிஸ்பாட்ச் ஃபைல் மட்டும் இல்லை.

காரணம் கண்டுபிடித்தேன். திறந்திருக்கும் ஃபைலை பேக்கப் தொடாமல் தாண்டிவிடும். பாய் நோன்பு திறக்க ஓடும்போது தன் ஃபைலை மூடுவதே இல்லை. இந்த மாதம் எடுத்த டேப் எல்லாம் இதே கதைதான். நேற்றுப் பிறை தெரிந்திருந்தால் இன்று அந்த டேப்பை நம்பி இறங்கியிருப்பேன்.

பாயிடம் கேட்டேன்.

"கஞ்சி ஆறிடும்னு ஓடிடறேம்ப்பா. அது ஒரு தப்பா?"

தப்புதான் என்றேன். மூஞ்சி சுருங்கிவிட்டது. சாயந்திரம் அவரே மூடிவிட்டு, மூடியாச்சு என்று வந்து சொன்னார். புது டேப் எடுத்தேன். ஏற்றிப் பார்த்தேன். டிஸ்பாட்ச் ஃபைல் திறக்கிறது. வெளியே பட்டாசு. நாளை பெருநாள்.

டிச. 17, திங்கள்

வெயில். ஃபாக்டரியில் வாட்ச்மேனும் நானும்தான். புது வெர்ஷன் ஃபைல்களை மாற்றிக்கொண்டிருந்தபோது, பாதியில் கரண்ட் போனது. யுபிஎஸ் தாங்கவில்லை. டிஸ்பாட்ச் ஃபைல் குப்பை.

பதறவில்லை. கரண்ட் வந்ததும் நேற்றைய டேப்பை ஏற்றி, முதலிலிருந்து ஆரம்பித்தேன். மத்தியானம் போட்டு முடித்தேன், சரிபார்ப்பு மிச்சம் நாளைக்கு. பெட்டிக் கணக்கு அப்படியே இருக்கிறது.

பாய் புதுச் சட்டையில் பிரியாணி டிபன் கேரியரோடு வந்தார். நடந்ததைச் சொன்னேன்.

"அப்ப பிறை உன்னைக் காப்பாத்திச்சுன்னு சொல்லு."

"டேப் காப்பாத்துச்சு பாய். நான் எடுத்த டேப்."

எந்தக் கிழமை எடுத்தது என்று அவர் கேட்கவில்லை. நல்லவேளை. பிரியாணி அருமை. பாக்கிங் லிஸ்ட் பிரிண்ட் ஓடுகிறது. பேப்பர் சிக்கிவிட்டது, போகணும்