முதலிடத்துக்கு வந்த பாடம்

அன்புள்ள அக்கா,

அடுத்த பருவத்துக்கு எந்தப் பாடம் வேண்டுமென்று ஐந்தை வரிசைப்படுத்தி இன்று பதிவு செய்தேன். முதலில் எழுதுவதுதான் பெரும்பாலும் கிடைக்கும். நாம் பேசிவைத்தபடி கம்பெனிச் சட்டம்தான் முதலில் இருந்தது.

போன வாரம் விடுதிக்கு வந்த நீ, அந்த வெயிலிலும் சட்டைக் கையை மடிக்கவில்லை. "கதவுல இடிச்சுக்கிட்டேன்டி" என்றாய். நான் எதுவும் கேட்கவேயில்லை.

குடும்ப நீதிமன்றப் பயிற்சியை முதலிடத்துக்கு மாற்றினேன். "சம்பாத்தியத்துக்கு உதவாதும்மா, யோசிச்சியா?" என்றார் ஆசிரியை. "யோசிச்சுட்டேன் மேடம்" என்றேன். இடம் கிடைத்துவிட்டது.

அங்கே வருகிறவர்களை முதல் நாள் யாரும் குடைந்து கேட்பதில்லையாம். அவர்களாகப் பேசும்வரை பொறுத்திருப்பார்களாம்.

என் அறையில் ஒரு கட்டில் காலியாக இருக்கிறது. சனிக்கிழமை வா. மாமாவிடம் சொல்லிக்கொண்டு வர வேண்டியதில்லை.

உன் தங்கை