கரை இல்லாத கோடு

வைகாசி, செவ்வாய்

மழை வெள்ளத்தோடு எண்ணெய் வந்து எங்கள் எண்ணூர் முகத்துவாரம் கறுத்துப்போனதே, அது போய் இரண்டாவது வருஷம் இது. தெருக்கோடி அம்மன் கோவிலுக்குப் புது மணி வந்த வருஷம். என் மகன் செல்வம் கடைவாய்ப் பல் பிடுங்கிக்கொண்டு மூன்று நாள் பேசாமல் இருந்த வருஷம். இப்படிச் சொன்னால்தான் எனக்கு வருஷம் விளங்கும். எண் சொன்னால் விளங்காது.

காற்று இல்லை. கரன்ட் கம்பெனிப் புகை நேராக மேலே.

மருமகள் சுமதி போனில் மைக் படம் ஒன்றைக் காட்டினாள். அதைத் தொட்டுப் பேசினால் எழுத்தாகுமாம். "நியூஸ் வாசிக்கற மாதிரி பேசு மாமா. நம்ம பேச்சு அதுக்கு ஏறாது" என்றாள். எழுதினதை எனக்குப் படிக்கத் தெரியாது. அதையே படிக்கச் சொல்லிக் கேட்டுக்கொள்ளலாம். யாரோ ஒரு பொம்பளைக் குரலில் என்னுடைய நாள். நன்றாகத்தான் இருக்கிறது.

சாயங்காலம் வஞ்சிரத் தலைக் குழம்பு கொதிக்கும்போது பாடம் ஆரம்பித்தாள். பிளஸ் டூவில் பிசிக்ஸ் ஒன்றுதான் பாக்கி. இரண்டு தடவை போய்விட்டது. யாருக்காவது வாயால் சொன்னால்தான் அவளுக்கு மண்டையில் ஏறும். வீட்டில் சும்மா இருக்கிற ஆள் நான்.

படுத்த கோடு ஒன்று, நிமிர்ந்த கோடு ஒன்று. நடுவே ஏறி, கொஞ்சம் படுத்து, இறங்குகிற கோடு.

"நிமிந்தது தூரம். கரையிலேர்ந்து படகு எவ்ளோ தூரத்துல கீதுன்னு. பாத்துக்கோ."

பார்த்தேன். புரிந்துவிட்டது. கீழே படுத்திருப்பது கரை. மேலே கடல். படகு கிளம்பி, வலை போட்டு, திரும்பி வருகிறது.

"இன்னாத்துக்கும்மா இவன் இங்க கெளம்பி பழவேற்காட்டுல போயி கரை ஏறுறான்? ஊட்டுக்கு எப்படி வருவான்?"

கரண்டியோடு உட்கார்ந்து சிரித்தாள். "ஐயோ மாமா, அது கரை இல்ல. நேரம். கெளம்புன எடத்துக்கே வந்துட்டான். நேரந்தான் நவுந்து பூட்ச்சி."

குழம்பில் புளி ஜாஸ்தி.

புதன்

வெயில். பிரஷர் மாத்திரை தீர்ந்தது. வாங்கணும். செருப்பு வார். பூனை நான்காவது குட்டியையும் ஐஸ் பெட்டிக்குள் வைத்திருக்கிறது, கலீஜு.

காலையில் மணலில் படுத்திருந்தேன். அவள் சொன்னது தலையை விட்டுப் போகவில்லை. நேரம் என்பது கரை மாதிரி தெற்கிலிருந்து வடக்கே நீண்டு படுத்திருந்தால்? நான் நேரத்தில்தான் நடந்து வந்திருக்கிறேன். அப்படியானால் திருவொற்றியூர்ப் பக்கம் கொஞ்ச தூரம் திரும்பி நடந்தால் பூங்காவனம் கருவாடு காயவைத்துக்கொண்டிருப்பாள். செத்துப்போன என் பெண்சாதி. இன்னும் தெற்கே காசிமேட்டில் எங்கள் நைனா கரைவலைக் கயிற்றை இடுப்பில் கட்டிச் சாய்ந்து இழுத்துக்கொண்டிருப்பார். ராயபுரம் ஸ்டேஷன் கிட்டே போனால் நான் பொடியன், கரி பொறுக்குகிறேன்.

எல்லாரும் அவரவர் இடத்தில். யாரும் எங்கேயும் போகவில்லை. நான் மட்டும் வடக்கே தள்ளி வந்துவிட்டேன்.

அப்படியே தூங்கிப்போயிருக்கிறேன். முகத்தில் நண்டு ஏறி எழுப்பியது.

வெள்ளி

புழுக்கம். மேகம் இருந்தும் இல்லை.

மீன்பிடித் தடைக்காலம் முடியப் போகிறது. இத்தனை நாள் கடலுக்குப் போகாத ஆம்பிளை வீட்டில் இருந்தால் எல்லாம் கண்ணில் படும். இன்று செல்வத்தின் கண்ணில் புத்தகம் பட்டது.

"இன்னாமே, இன்னும் இத்த கட்டிகினு அழுவுறியா? இது மூணாவது தபா. இந்த தபாவும் பூட்டுகிச்சின்னா பொஸ்தகத்த எடைக்குப் போட்டுடு. அப்பால காசிமேட்டுல மீன் கூடை எடு. எங்க சித்தி எடம் தரேன்னு சொல்லிகீது."

"செரி" என்றாள். அவ்வளவுதான். சண்டை போட்டிருந்தால் எனக்கு நிம்மதி.

அவள் பெருக்குகிற பள்ளிக்கூடத்தில் லேப் கழுவுவதும் அவள்தான். கண்ணாடி, தராசு, காந்தம் எல்லாம் எடுத்து வைப்பாள். பாஸ் பண்ணினால் அந்த லேபிலேயே உதவியாள் வேலை என்று பெரிய டீச்சர் சொல்லியிருக்கிறார். கூடை எடுப்பது கேவலம் இல்லை, பூங்காவனம் எடுத்தாள். ஆனால் சுமதி அந்தத் தராசைப் பற்றிப் பேசும்போது முகம் வேறு மாதிரி ஆகிவிடும்.

மகன் பேசும்போது நடுவே பேசினால் அவளுக்குத்தான் பேஜாரு.

சனி

மழை நாலு தூறல். மண் வாசனை. சாம்பல் வாசனையும்.

மத்தியானம் வேறு ஒரு படம். பார்க்க அதே மாதிரி. ஏறி, நீளமாகப் படுத்து, இறங்கி. நான் இப்போது தெரிந்தவன். "இங்க நங்கூரம் போட்டுட்டான்" என்றேன், படுத்த இடத்தைக் காட்டி.

"ஆமா, நிக்கறான்" என்று அவளும் சொல்லிவிட்டுப் பின்னால் விடை பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள்.

"இன்னா?"

"நிக்கலயாம்."

இரண்டு பரீட்சையிலும் அதைத்தான் எழுதியிருக்கிறாள், நிற்கிறான் என்று. புத்தகத்தை மூடிவிட்டு வாசலில் போய் உட்கார்ந்தாள். லாரி போவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நானும் போய் உட்கார்ந்தேன். என்ன பேசுவது. எனக்குத் தெரியாததைக் கேட்டேன்.

"இதுல கரை எங்கம்மா?"

அவள் எழுந்தாள். உள்ளே போய்ப் புத்தகத்தை எடுத்து வந்தாள். நிமிர்ந்த கோட்டின் ஓரத்தில் எழுதியிருந்ததை விரல் வைத்து எழுத்துக் கூட்டினாள், சின்னப் பிள்ளை மாதிரி.

"மாமா, இதுல கரையே இல்ல. இது தூரம் இல்ல, வேகம். நான் படத்தயே பாத்துகினு இருந்துட்டேன், ஓரத்துல எழுதிகீறத பாக்கவே இல்ல."

"அப்ப படுத்துகினு கீதே?"

"ஒரே வேகத்துல போய்க்கினே கீறான். நிக்கவே இல்ல."

"கீழ வந்து தொட்டா?"

"அங்கதான் நிக்கறான். ஆனா எங்க நிக்கறான்னு இந்தப் படம் சொல்லாது. கரையா, நடுக்கடலான்னு."

அவள் சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தாள். அப்புறம் இருட்டும் வரைக்கும் கணக்குத்தான். ஒவ்வொரு படத்திலும் முதலில் ஓரம், பிறகு கோடு. சோறு நான் வடித்தேன். குழைந்துபோயிற்று.

ஞாயிறு, ஆனி பிறப்பு

படகெல்லாம் போயாச்சு. கரையில் பட்டாசுக் குப்பை, பூசணிக்காய், மாலை.

செல்வம் கிளம்பும்போது புத்தகம் அந்தத் தூரப் படத்தில் விரிந்து தரையில் கிடந்தது. காலால் மிதிக்காமல் தாண்டி நின்று குனிந்து பார்த்தான்.

"இன்னாமே இது, மலையா?"

"உன் படகுதான்."

"எங்க போவுது?"

"போய்ட்டு வருது பாரு" என்று விரலால் காட்டினாள். கோடு கீழே தொடுகிற இடம் வரைக்கும் பார்த்துக்கொண்டிருந்தான். டீசல் கேனைத் தூக்கிக்கொண்டு போனான்.

ஆனி, ஒரு வெள்ளி

வெயில் என்றால் அப்படி ஒரு வெயில். பரீட்சை திருவொற்றியூரில். நானும் பஸ்ஸில் கூடப் போனேன். வேண்டாம் என்றாள், கேட்கவில்லை. எதிரே கரும்பு ஜூஸ் வண்டி நிழலில் உட்கார்ந்திருந்தேன். ஜூஸ்காரன் கேட்டான், "பேத்தியா தாத்தா?" "மருமவ." "மருமவளா? இந்த வயசுலயா?" "உன் வண்டி சக்கரத்துக்குக் காத்து இல்ல, அத்தப் பாரு முதல்ல."

உட்கார்ந்த இடத்தில் கண் சொக்கியது. ரோட்டில் லாரி, பஸ், சைக்கிள் எல்லாம் கோடாகப் போயின. சில படுத்த கோடு, சில சரிந்த கோடு. அவளும் உள்ளே ஒரு கோடு இழுத்துக்கொண்டிருப்பாள்.

வெளியே வந்தாள். வியர்வை. "வந்துதா?" என்றேன். "வந்துது. ஓரத்தப் பாத்துட்டுத்தான் எழுதுனேன்." பஸ்ஸில் என் தோளில் சாய்ந்து எண்ணூர் வரைக்கும் தூங்கினாள். மருமகள் மாமனார் தோளில். பார்த்தவர்கள் பார்த்துக்கொள்ளட்டும்.

ஆடி, செவ்வாய்

காற்று ஆரம்பித்துவிட்டது. கூரைத் தகரம் ஆடுகிறது, கல் வைக்கணும். மாரியம்மனுக்குக் கூழ், கேழ்வரகு வாங்கணும், முருங்கைக்கீரை.

போனில் ரிசல்ட். பாஸ்.

செல்வத்துக்குப் போன் போட்டாள். அவன் அப்போதுதான் கரைக்கு வந்து ஏலக்கூடத்தில் நின்றிருந்தான். சத்தத்துக்கு நடுவே கத்தினான், எனக்கே கேட்டது. "மெய்யாலுமா? செரி செரி. சித்திகிட்ட கூடை வேணாம்னு சொல்லிடறேன்." அவனுக்கு அவ்வளவு வரும். அது போதும்.

அப்புறமும் போனைக் கையில் வைத்துக்கொண்டே நின்றாள். "இன்னும் யாருக்காச்சும் சொல்லணும் போல கீது மாமா" என்றாள். யாருக்கு என்று அவளுக்கே தெரியவில்லை. எனக்குத் தெரிந்தது. அவள் பாடம் சொல்லச் சொல்லக் கேட்டவர்களுக்கு.

முதலில் கேட்டவர் அவள் அப்பா ஏழுமலை. வலை பின்னிக்கொண்டே ஐந்தாம் வகுப்பு வரைக்கும் கேட்டார். நெஞ்சு வலியில் போனார். பிறகு அவள் அம்மா கோவிந்தம்மா, மீன் அரிந்துகொண்டே. மஞ்சள் காமாலை. இங்கே வந்த பிறகு பூங்காவனம். கருவாட்டுக் கூடையை இறக்கிவைத்துவிட்டு, புரிந்த மாதிரி தலையாட்டுவாள். முதல் தடவை சுமதி பெயிலானபோது அவள் இல்லை.

மீதி உயிரோடு இருப்பது நான் ஒருத்தன், கன்னியப்பன்.