யாரும் கட் சொல்லாத நாள்

அன்புள்ள சித்திக்கு,

நீங்கள் நடித்த படத்தில் அந்த வாடகை அறைக் காட்சியை இயக்கியது யார்? இரண்டு மாதமாக இந்தக் கேள்வியோடு அலைகிறேன். எனக்குப் பதில் தெரியவில்லை. வரலாறு கற்பிக்கிறவள் இப்படி எழுதுவது கௌரவக் குறைச்சல்தான். ஆனால் தெரியாததைத் தெரியாது என்று எழுதுங்கள் என்று மாணவர்களிடம் இருபது வருடமாகச் சொல்லிவிட்டு நான் மட்டும் தப்பிக்க முடியாது.

அம்மா போன பிறகு நம் இருவருக்கும் நடுவில் ஆண்டுக்கு ஒரு வாழ்த்து அட்டை, அதில் இரண்டு வரி என்று ஆகிவிட்டது. திடீரென்று இத்தனை பக்கம் வந்தால் யாருக்கோ ஏதோ ஆகிவிட்டது என்று பயப்படுவீர்கள். ஒன்றும் இல்லை. அப்பாவுக்கு எண்பத்தொன்று நடக்கிறது. முழங்கால் தகராறு செய்கிறது. மற்ற எல்லாத் தகராறையும் அவரே பார்த்துக்கொள்கிறார்.

விஷயத்துக்கு வருகிறேன். திரைப்படக் காப்பகத்தில், அப்பாவும் நண்பர்கள் மூவரும் நடத்திய ஸ்டூடியோவின் ஏழு படங்களையும் சுத்தம் செய்து புதுப் பிரதி எடுக்கிறார்கள். கூடவே ஸ்டூடியோவின் வரலாறு ஒரு சிறு நூலாக வருகிறது. அதை எழுதும் வேலையை என் தலையில் கட்டினார்கள். பாசத்தால் ஒப்புக்கொண்டேன் என்று நினைக்க வேண்டாம். சாப்பிடும்போது அப்பா சொல்லிச் சொல்லி நான் வளர்ந்த கதைகளில் எவ்வளவு நிஜம் என்று பார்த்துவிடலாம் என்றுதான்.

பாதிக்கு மேல் நிஜமாகவே இருந்தது. எனக்குக் கொஞ்சம் ஏமாற்றம்தான். நான்கு பேரும் ஒரு பெரிய ஸ்டூடியோவில் உதவியாளர்களாக இருந்தது நிஜம். அங்கே ஒரு இயக்குநர் விளக்குப் பிடிப்பவரை எல்லோர் முன்னாலும் அறைந்ததும், நால்வரும் அன்றைக்கே வெளியே வந்ததும் நிஜம். டயர் கிடங்காக இருந்த கொட்டகையை எடுத்து, சுவரெல்லாம் பழைய மெத்தைகளை அடித்து, ஒலிப்பதிவின்போது மின்விசிறியை நிறுத்திவிட்டு வியர்வையில் நனைந்ததும் நிஜம். இப்போது அந்தக் கொட்டகையில் பார்சல்களைப் பிரித்து அனுப்புகிறார்கள். போய்ப் பார்த்தேன். மெத்தை அடித்த ஆணிகள் சுவரில் இன்னும் இருக்கின்றன. ரப்பர் வாசனையும் போகவில்லை. அங்கே இருந்த மேற்பார்வையாளர், என்ன தேடுறீங்க மேடம், பார்சல் நம்பர் சொல்லுங்க என்றார். என்னிடம் நம்பர் இல்லை என்று சொல்லிவிட்டு வந்தேன்.

சீட்டு விஷயமும் நிஜம். இதைத்தான் நான் நம்பாமல் இருந்தேன். இனிமேல் நிரந்தர இயக்குநர் என்று ஒருத்தர் கிடையாது என்று தீர்மானித்து, தினமும் காலையில் ஒரு பிஸ்கட் டின்னில் நான்கு சீட்டுப் போட்டு எடுத்திருக்கிறார்கள். வந்தவருடையது அன்றைய நாள். அவர் சொன்னால் ஆக்‌ஷன், அவர் சொன்னால்தான் கட். மற்ற மூவரும் அன்று முழுக்க வாயைத் திறக்கக் கூடாது. சாயங்காலம் அவரே தன் கையால் பதிவேட்டில் எழுத வேண்டும். நோட்டுகள் ஏழும் கிடைத்துவிட்டன. வாத்தியார் அழகாக எழுதியிருக்கிறார், கதை எழுதும் கை அல்லவா. கேமராக்காரர் லென்ஸ் மாமா படம் வரைந்திருக்கிறார். கத்திரி அத்தை எடிட்டிங்கில் எப்படியோ எழுத்திலும் அப்படித்தான், ஒரு நாளுக்கு ஒரு வரி. ஒலிப்பதிவு செய்த அப்பா மழை பெய்ததையும் ஆட்டோ சத்தத்தையும் மட்டும் குறித்திருக்கிறார். காது என்று அவருக்குப் பட்டப்பெயர் வைத்தவர்களை மெச்ச வேண்டும். இத்தனை பேருக்குப் பட்டப்பெயர் இருக்கிறது, உங்களுக்கு மட்டும் அங்கே ஒன்றும் இல்லை என்பதை இப்போதுதான் கவனித்தேன்.

உங்கள் படம் முப்பத்தாறு நாள் எடுக்கப்பட்டிருக்கிறது. முப்பத்தைந்து நாளுக்கு யார் இயக்கினார் என்று பதிவேட்டில் இருக்கிறது. ஒரு நாளுக்கு மட்டும் பக்கம் வெறுமையாக இருக்கிறது. அது வாடகை அறைக் காட்சி எடுத்த நாள்.

அந்தக் காட்சியைப் பற்றி வெளியூர்க்காரர்கள் என்னென்ன எழுதியிருக்கிறார்கள் என்று உங்களுக்குத் தெரியுமோ என்னவோ. ஒருவர் நாற்பது பக்கம் எழுதியிருக்கிறார். முழுக்கப் படித்தேன், பாதி புரிந்தது. கதைப்பிரதியில் இருப்பது மூன்றே வரி: அவள் பெட்டியை மூடுகிறாள். நாற்காலியில் உட்கார்ந்து கதவைப் பார்க்கிறாள். கட். அரை நிமிஷம்கூட வராது. படத்தில் அது நான்கு நிமிஷத்துக்கு மேல் ஓடுகிறது. நீங்கள் உட்காருகிறீர்கள். எழுந்து பெட்டியைத் திறந்து, கதையில் வரும் அண்ணனின் சட்டையை எடுத்துத் திரும்ப ஆணியில் மாட்டுகிறீர்கள். ஜன்னலைச் சாத்துகிறீர்கள். பிறகு நாற்காலி மேல் ஏறி, முந்தானையைக் கையில் சுற்றிக்கொண்டு, எரிகிற பல்பைக் கழற்றுகிறீர்கள். அறை இருட்டாகிறது, கதவிடுக்கு வெளிச்சம் மட்டும் மிச்சம். பல்பைத் துடைத்துப் பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டு மறுபடியும் உட்காருகிறீர்கள். நாங்கள் வாங்கிய பல்பு, வீட்டுக்காரனுக்கு எதற்கு விட வேண்டும் என்கிற முகம். அரங்கில் எல்லோரும் சிரிப்பார்கள். சிரித்துக்கொண்டிருக்கும்போதே சத்தம் அடங்கிவிடும்.

யாருடைய நாள் என்று மூன்று பேரிடமும் தனித்தனியாகக் கேட்டேன். லென்ஸ் மாமா இப்போது உயிரோடு இல்லை. கீர்த்தி வருகிற இடத்தில் ஆளாளுக்குப் பங்கு கேட்பார்கள் என்று எதிர்பார்த்துப் போனேன். நடந்தது தலைகீழ். வாத்தியார், அது உங்கப்பா நாள்மா என்றார். அப்பா, கத்திரியோட நாளா இருக்கும் என்று செய்தித்தாளைத் தூக்கி முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டார். கத்திரி அத்தை, என் நாளா இருந்தா அந்த ஷாட்ட நான் அவ்ளோ நீளமா விட்டிருப்பேனாடி என்றார். அது நியாயம்தான்.

ஒருவர் மறந்தால் சரி, மூவருமா என்று எனக்கு உறுத்தியது. அப்பாவின் அலமாரியில் இருக்கும் ஒலிநாடாக்களை எடுத்தேன். அவர்களிடம் நாடா தட்டுப்பாடு. ஒரு படம் முடிந்ததும் அழித்து அடுத்த படத்துக்குப் பயன்படுத்தியிருக்கிறார்கள். ஒன்று மட்டும் அழிக்காமல் தனிப் பெட்டியில் இருந்தது. மேலே அப்பாவின் எழுத்தில் "வேண்டாம்" என்று இருந்தது. வேண்டாததை முப்பத்தெட்டு வருடம் ஏன் பத்திரமாக வைத்திருக்க வேண்டும்? காப்பகத்துக் கருவியில் போட்டுக் கேட்டேன்.

அப்பா காலையில் வந்ததுமே கருவியைச் சரிபார்க்கச் சும்மா ஓடவிடுவார் போலிருக்கிறது. அதில் சீட்டு எடுத்ததே பதிவாகியிருக்கிறது. கேட்டதை அப்படியே எழுதுகிறேன், உங்களுக்கு நினைவிருந்தால் சரிபாருங்கள். டின்னைக் குலுக்கும் சத்தம். வாத்தியார் சீட்டை எடுத்து, இது யாரு எழுத்து, நம்ம நாலு பேருல யாரும் இப்படி எழுதமாட்டோமே என்கிறார். நீங்கள், என்னோடதுதான், நேத்தே எழுதிப் போட்டுட்டேன், என்கிறீர்கள். கத்திரி அத்தை சிரிக்கிறார். லென்ஸ் மாமா, நடிக்கிறவங்க டைரக்ட் பண்ணினா நாங்க என்னம்மா, இஸ்திரி போடவா என்கிறார். எல்லோரும் சிரிக்கிறார்கள். நீங்கள், அத்தான், டின்ல வந்தா வந்ததுதானே, நீங்கதானே ரூல் போட்டீங்க, என்கிறீர்கள். அப்பா, சரி சரி, வெயில் ஏறுது, வேலையப் பாருங்கப்பா என்கிறார். அவ்வளவுதான். உன் நாள் என்று யாரும் சொல்லவில்லை. மறுபடி சீட்டு எடுக்கலாம் என்றும் யாரும் சொல்லவில்லை.

பிறகு காட்சி. நீங்கள் பல்பில் கை வைக்கும்போது லென்ஸ் மாமா மூச்சை இழுப்பது கேட்கிறது. அவர் வெளிச்சம் அமைத்ததே அதை நம்பித்தான், பாவம். ஆனாலும் யாரும் கட் சொல்லவில்லை. அவரவர் தன் நாள் இல்லை என்று வாயை மூடிக்கொண்டிருக்கிறார்கள். வேறு எந்த ஸ்டூடியோவிலும் இந்தத் தவறு நடந்திருக்காது. கேமராவில் இருந்த நானூறு அடி ஃபிலிமும் தீர்ந்து அதன் நுனி படபடவென்று அடித்துக்கொள்கிறது. அதற்குப் பிறகும் ஒலிநாடா ஓடுகிறது. அப்புறம் உங்கள் குரல்: "போதுமா?"

கிளிக். நாடா முடிந்தது.

அந்தப் "போதுமா"வை முப்பது தடவையாவது கேட்டிருப்பேன். இயக்குநர் யாரென்று தெரியாத நடிகை, நிறுத்தலாமா என்று கேட்கிற குரலாக ஒரு தடவை படுகிறது. தன் நாளைத் தானே நடத்தி முடித்த ஒருத்தி, பார்த்தீர்களா என்று கேட்பதாக இன்னொரு தடவை படுகிறது. வெறும் கோபமாகவும் இருக்கலாம். இதில் எது என்று எனக்குத் தெரியவில்லை, சித்தி. எனக்குப் பிடித்ததைத் தேர்ந்தெடுத்து நூலில் போட்டால் அது வரலாறு இல்லை, ஆசை.

ஐந்தாவது ஆளாகச் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று நீங்கள் கேட்டதையும், அடுத்த படத்தில் பார்க்கலாம் என்று அவர்கள் சொன்னதையும், மூன்று வாரத்தில் நீங்கள் வெளிநாட்டுக்கு விமானம் ஏறியதையும் அம்மா ஒரு தடவை சொல்லியிருக்கிறார். என் கல்யாணத்துக்குச் சேலை எடுக்கும்போது ஏதோ பேச்சுவாக்கில் சொன்னது. நான் அப்போது பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

நாளை காலை காப்பகத்தில் படிவம் கொடுக்க வேண்டும். ஒவ்வொரு நாளுக்கும் இயக்குநர் பெயர் எழுதி, உயிரோடு இருக்கும் மூவரும் கையெழுத்திட வேண்டும். எந்த நாளாவது காலியாக இருந்தால், அதிக நாள் இயக்கியவர் கணக்கில் சேர்த்துவிடுவார்களாம். அப்படியானால் அது வாத்தியாருக்குப் போகும். புதுப் பிரதியின் தொடக்கத்தில் பெயர்கள் வரும் எழுத்து அட்டையிலும் அப்படியே வரும், பிறகு மாற்ற முடியாது. உங்களைத் தொலைபேசியில் கேட்டிருக்கலாம். நீங்கள் எண் தந்ததில்லை, நானும் கேட்டதில்லை. இந்தக் கடிதம் நாளைக்குள் உங்களுக்கு வந்து சேராது என்று தெரிந்தேதான் எழுதுகிறேன். உறையை ஒட்டாமல் வைத்திருக்கிறேன். நாளை நடப்பதையும் எழுதி அனுப்புகிறேன்.

மறுநாள்.

மூவரும் காப்பகத்துக்கு வந்தார்கள். படிவத்தை எடுக்கும் முன் நாடாவைப் போட்டேன். முன்கூட்டிச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அப்பா வந்திருக்கமாட்டார்.

சீட்டு எடுக்கும் இடத்தில் கத்திரி அத்தை தன் சிரிப்பைக் கேட்டு, நானா இப்படிச் சிரிச்சேன் என்றார். நாடா முடிந்ததும் வாத்தியார், அவ சீட்டு, அவ நாள், பேனாவக் குடும்மா என்று கையெழுத்துப் போட்டார். அத்தையும் போட்டார். அந்த வெற்றுப் பக்கத்துக்கு நேரே உங்கள் பெயரை எழுத நான் தயாராக இருந்தேன். ஒப்புக்கொள்கிறேன், அந்த நிமிஷம் என் சந்தேகமெல்லாம் எங்கே போயிற்று என்று தெரியவில்லை.

அப்பா போடவில்லை. அவளக் கேட்டாச்சா என்றார். கடிதம் பையில் இருக்கிறது, இனிமேல்தான் அனுப்ப வேண்டும் என்றேன். அப்ப பதில் வரட்டும் என்றார். காப்பகத்து அதிகாரி கடிகாரத்தைப் பார்த்தார். நான் கொஞ்சம் கோபமாகவே, நல்லதுதானேப்பா செய்கிறோம் என்று கேட்டேன். அன்னைக்கும் அவளக் கேக்காம நாங்களேதான் முடிவு பண்ணினோம், இன்னைக்கு நல்ல எண்ணத்தோட அதையே திரும்பப் பண்ணச் சொல்றியா என்றார். அவ வேணாம்னு சொல்லலாம், நான் டைரக்ட் பண்ணல, கோபத்துல பல்ப கழட்டினேன்னு சொல்லலாம், அதச் சொல்ற உரிமை அவளுக்குத்தான் என்றார்.

அதிகாரி ஒரு மாதம் தந்திருக்கிறார். படிவம் அவர் மேசை இழுப்பறையில் இருக்கிறது. இரண்டு கையெழுத்து இருக்கிறது, ஒரு பெயரும் ஒரு கையெழுத்தும் பாக்கி.

காப்பகத்து வரவேற்பறையில் உட்கார்ந்துதான் இந்தப் பக்கத்தை எழுதுகிறேன். நீங்கள் எதை எழுதினாலும் அப்படியே போடுகிறேன். எனக்கும் தெரியாது, மறந்துவிட்டது என்று எழுதினாலும் அதையே போடுகிறேன். எழுதாமல் மட்டும் இருந்துவிடாதீர்கள். உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

அப்பா உறையைக் கேட்டார், கொடுத்தேன். உங்கள் முகவரியைத் தேடி நான் கைப்பையைத் துழாவி எடுப்பதற்குள், எதையும் பார்க்காமல், கதவு எண், தெரு, அஞ்சல் குறியீடு வரை எழுதி முடித்திருந்தார்.

இப்படிக்கு,
உங்கள் அக்கா மகள்