இடது பூட்ஸ்

டாமரக் கிரீக்,
டிசம்பர் 3

அன்புள்ள தம்பி ஆர்லோவுக்கு,

அண்ணி மார்லிஸ் எழுதுவது. நீ சௌக்கியம்தானே? இங்கே எல்லாரும் சௌக்கியம் என்று எழுதத்தான் கை வருகிறது, ஆனால் இந்த வருஷம் அந்த வரியைப் பாதிதான் எழுத முடியும். உன் அண்ணன் ஆஸ்பத்திரியிலிருந்து வீடு வந்து சில நாள்தான் ஆகிறது. இடது காலில் மூன்று விரல்களை எடுத்துவிட்டார்கள். பாதம் இருக்கிறது, கால் இருக்கிறது. அதை முதலிலேயே சொல்லிவிட்டேன். மீதியை உட்கார்ந்து நிதானமாகப் படி.

போனில் ஏன் சொல்லவில்லை என்று கோபித்துக்கொள்ளாதே. நீங்கள் இருவரும் போனில் பேசும் அழகு எனக்குத் தெரியாதா? "காத்து எந்தப் பக்கம்?" என்பாய். "வடமேற்கு" என்பார். "அங்க?" என்று இவர் கேட்பார். "இங்க ஏது காத்து" என்பாய். அதோடு முடிந்தது. துப்பாக்கி வேட்டை சீசன் தொடங்கிய சனிக்கிழமை நீ கூப்பிட்டபோது அவர் மானுக்குக் காத்திருக்கும் மரத்துப் பரணில் இல்லை, தம்பி. ஆஸ்பத்திரிக் கட்டிலில் இருந்தார். ஜன்னல் வழியாக வாசல் கொடி பறப்பதைப் பார்த்துத்தான் உனக்குக் காற்று சொன்னார். கட்டு மாற்ற வந்த நர்ஸ் சிரிப்பை அடக்க முடியாமல் வெளியே போய்விட்டாள்.

நடந்ததைச் சொல்கிறேன்.

செப்டம்பரில் அக்கா ஆர்டிஸுக்கு இடுப்பு ஆபரேஷன் என்று நான் துலூத்துக்குப் போனது உனக்குத் தெரியும். அவள் நடக்க ஆரம்பிக்கும்வரை அங்கேதான் இருந்தேன். வில் வேட்டை தொடங்கும் நேரத்தில் நான் வீட்டில் இல்லாதது கல்யாணமானதிலிருந்து இதுதான் முதல் தடவை. நான் இல்லாவிட்டால் சமையலுக்குக்கூட அவர் திண்டாட மாட்டார், தகர டப்பாவைத் திறந்து அப்படியே தின்றுவிடுவார். மூக்குக்குத்தான் திண்டாட்டம். காகித ஆலைக்கு உழைத்த உழைப்பில் அவர் மூக்கு என்றோ செத்துப்போயிற்று. ஊரையே நாறடிக்கும் ஸ்கங்க் ஒன்று மடியில் ஏறி உட்கார்ந்தாலும் "பூனையா?" என்று கேட்பார். அதனால் மானுக்கு எட்டுகிற வாடை இருக்கிறதா என்று பூட்ஸை மோந்து பார்த்து உத்தரவு கொடுப்பது என் வேலை. நான் "போகலாம்" என்றால் போவார். "ஊஹூம்" என்றால் மறுபடி கழுவுவார். வேறு எந்த விஷயத்திலும் என் பேச்சுக்கு இந்த வீட்டில் அவ்வளவு மரியாதை கிடையாது.

அவருடைய நியமங்களை நீ மறந்திருக்க மாட்டாய். ஆர்லோ என்று ஒரு தம்பி இருந்தான், அவன் பூட்ஸோடு பெட்ரோல் பங்கில் இறங்கினான், அந்த வருஷம் முழுக்க ஒரு மானும் வரவில்லை என்று இன்றைக்கும் சொல்லிக்கொண்டிருக்கிறார். வயதாக ஆக அந்த மடி ஆசாரம் முற்றிவிட்டது. ரப்பர் பூட்ஸை உள்ளும் புறமும் சோடா உப்புப் போட்டுக் கழுவி, நிழலில் காற்றாட வைத்து, பைன் தழையும் சருகும் போட்ட பெட்டியில் மூடி வைப்பார். வீட்டுக்குள் கொண்டுவர மாட்டார், வண்டிக்குள்ளும் போடமாட்டார். காட்டு விளிம்பில் பிக்கப்பின் பின்பலகையில் உட்கார்ந்துதான் மாட்டுவார். கம்பளி சாக்ஸுக்கு வாசனை சோப்பு கூடாது. காலுக்கும் அதே சோடா உப்பு. "நம்ம உடம்பு வாசனைய மரத்து மேல காத்து தூக்கிட்டுப் போயிடும் மார்லிஸ், கால் வாசனைதான் தரையில நம்ம பேர எழுதி வெச்சிட்டு வந்துடும்" என்பார். ஒவ்வோர் அடி வைக்கும்போதும் பூட்ஸுக்குள்ளிருக்கும் சூட்டுக் காற்று துருத்திபோல மேலே வருமாம். அதனால் கால்சட்டையின் விளிம்பை பூட்ஸுக்குள் திணிக்காமல் வெளியே இழுத்துவிட்டு, கயிறு போட்டுக் கட்டுவார். அவர் நடந்த தடத்தின் மேலேயே மான் நின்று மேய்வதை நானே பார்த்திருக்கிறேன். பெருமை பேசுகிறவர்தான், ஆனால் வெறும் பேச்சு இல்லை.

அப்படிப்பட்டவருக்கு இந்த அக்டோபரில் ஒரு மான்கூட நிற்கவில்லை. துலூத்துக்குப் போன் போட்டுப் போட்டுப் புலம்பினார். முதலில் சோடா உப்பு கலப்படம் என்றார். அப்புறம் பக்கத்துப் பண்ணைக்காரன் வயலில் சாணம் கொட்டிவிட்டான் என்றார். பிறகு, நான் புறப்படும்போது வறுத்த பன்றிக் கொழுப்பின் புகை தாழ்வாரத்தில் இன்னும் நிற்கிறது என்றார். நான் போய் ஒரு மாதம் ஆகியிருந்தது! "அந்தப் பெட்டை மான் என் தடத்துல மூக்க வெச்சுது மார்லிஸ், நெருப்ப மிதிச்ச மாதிரி துள்ளிச்சு. உஸ்ஸுனு சீறி, காலத் தட்டி, ஊரக் கூட்டிருச்சு" என்றார். யானைக்கும் அடி சறுக்கும் என்று சமாதானம் சொன்னேன். யானை ஒரு தடவைதான் சறுக்கும், தினமும் சறுக்குமா என்று கேட்டார்.

நவம்பர் முதல் வாரம் வீட்டுக்கு வந்தேன். பெட்டியை வைப்பதற்குள் பூட்ஸை நீட்டினார். வலதை மோந்தேன். ரப்பரும் பைனும்தான் இருந்தது. இடதை மோந்தேன்.

தம்பி, நீயும் நானும் உங்கள் அப்பாவுக்குக் கட்டு மாற்றியவர்கள். அந்த வாசனையை உனக்கு நான் விளக்க வேண்டியதில்லை. வேர்வை நாற்றம் வேறு, அது உயிருள்ள நாற்றம். இது இனிப்பாக, அழுகின பழம்போல, தொண்டைவரை இறங்கியது.

"ஏங்க, கொஞ்சம் சாக்ஸக் கழட்டுங்க" என்றேன். சிரித்தார். "துலூத் ஏரிக்காத்து குடிச்சு உன் மூக்கு கெட்டுப் போச்சு. பூட்ஸு பழசு, அவ்வளவுதான்" என்றார். அன்றைக்கே டவுனுக்குப் போய்ப் புது ஜோடி வாங்கி வந்து கழுவிக் காய வைத்தார். மூன்றாம் நாள் புது பூட்ஸில் இடதுக்கு அதே வாசனை. வலதில் கடை வாசனைகூடப் போகவில்லை. "பூட்ஸு ரெண்டும் ஒரே டப்பாவுல வந்துதுதானே?" என்று கேட்டேன். "கம்பெனிக்காரன் ஒண்ண நல்லா செய்யல" என்றார். தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால்.

நான் இல்லாத நாட்களில் புதிதாக ஒரு பழக்கமும் வந்திருந்தது. சாக்ஸோடு தூங்கினார். குளிக்கப் போனால் தாழ்ப்பாள் போட்டார். டாக்டர் என்ற சொல்லை எடுத்தாலே, "சீசன் முடியட்டும்" என்றார். கெஞ்சினேன், திட்டினேன், ஒரு வேளை சாப்பிடாமல்கூட இருந்து பார்த்தேன். எல்லாம் செவிடன் காதில் ஊதிய சங்கு. என் மூக்கையே நம்ப மறுத்த பிறகு, இவர் இனி யார் பேச்சைக் கேட்பார் என்று யோசித்தேன். ஒரே ஒரு ஜீவன்தான் பாக்கி இருந்தது.

"நீங்களும் வேணாம், நானும் வேணாம். மான் சொல்லட்டும்" என்றேன். அவருடைய பழைய பூட்ஸை அவர் முறைப்படியே கழுவி, இரண்டு சாக்ஸ் போட்டு நான் மாட்டிக்கொள்வது, புதுசை அவர் மாட்டிக்கொள்வது. ஓடைக்கரை மான்பாதைக்குக் குறுக்கே அவர் ஓர் இடத்திலும் நான் சற்றுத் தள்ளியும் நடந்து போய், தரையில் தழை கட்டிய மறைவில் ஒன்றாக உட்கார வேண்டும். என் தடத்தில் மான் மிரண்டால், சீசன் முடியும்வரை நான் வாய் திறக்க மாட்டேன். அவர் தடத்தில் மிரண்டால், அங்கேயே, அந்த இடத்திலேயே சாக்ஸைக் கழற்ற வேண்டும். அவருக்கு ஒரே குஷி. "அடி பைத்தியமே, சட்டியும் பானையுமா பொழங்கற காலு உனக்கு. அடுத்த மாவட்டத்து மானுக்கே தெரியும்டி" என்றார். பாவம், ஜெயிக்கப் போகிற முகத்தோடுதான் வந்தார்.

பிற்பகல். காற்று எங்கள் முகத்துக்கு நேராக அடித்தது. தரையில் பொடி மாதிரிப் பனி. ஒரு பெட்டை மானும் அதன் இரண்டு குட்டிகளும் பாதையோடு வந்தன. முதலில் என் தடம். தாய் மூக்கை இறக்கியது. நான் மூச்சை நிறுத்திக்கொண்டேன். அது தலையை உயர்த்தக்கூட இல்லை, ஒரு புல்லைக் கடித்துக்கொண்டே தாண்டி வந்தது. குட்டிகளும் தாண்டின. உன் அண்ணன் என்னை ஒரு முறை பார்த்தார். பிறகு அவர் தடம். மான் மூக்கை இறக்கினதுதான் தாமதம், கம்பி போட்டு இழுத்ததுபோல் கழுத்து மேலே போயிற்று. முன்காலால் தரையைத் தட்டியது. ஒரு சீறல். மூன்று வெள்ளை வாலும் ஓடைக்கு அந்தப் பக்கம் போய்விட்டன.

அவர் தாமாகவே பூட்ஸைக் கழற்றினார், சாக்ஸைக் கழற்றினார். முதுகு வளையாதவர் அல்லவா, அவரால் உள்ளங்காலைப் பார்க்க முடியாது. காலைத் தூக்கி என் மடியில் வைத்துவிட்டு, முகத்தைத் திருப்பிக்கொண்டார். "அப்பா காலு மாதிரி இருக்கா?" என்று கேட்டார்.

அதைக் கேட்டபிறகுதான் எனக்குப் புரிந்தது, தம்பி. அவருக்கு ஒன்றும் தெரியாமல் இல்லை. வலி தெரியவில்லை, வாசனை தெரியவில்லை. ஆனால் சாக்ஸில் ஈரம் தெரிந்திருக்கிறது. உங்கள் அப்பாவுக்கு முதலில் விரல், பிறகு கணுக்கால், பிறகு முழங்கால், பிறகு ஏரியில் பனி உருகுவதற்குள் ஆளே இல்லை என்று ஆனதே, அதைத்தான் மூடி மூடி வைத்திருந்திருக்கிறார். அத்தனை சோடா உப்பும் அந்தப் பயத்துக்குத்தான். பெருவிரலுக்குப் பக்கத்து மூன்று விரல்களும் கறுத்திருந்தன. உள்ளங்காலில் ஒரு குழி. எனக்கு அழுகை முட்டியது. ஆனால், "இன்னும் இல்லீங்க. சீக்கிரமே புடிச்சிட்டோம். எந்திரிங்க" என்று கணீரென்று சொன்னேன். பொய்யும் இல்லை, முழு உண்மையும் இல்லை. எழுந்துவிட்டார்.

ஆஸ்பத்திரியில் அவர் அடித்த கூத்தைத் தனியாக எழுத வேண்டும். மருந்துத் தண்ணீரில் காலைக் கழுவ வந்தவளிடம், "இது எத்தனை நாள் நாறும்மா? டிசம்பர்ல எனக்கு வேலை இருக்கு" என்றார். லாவெண்டர் வாசனைக் களிம்பு என்றதும் காலை உள்ளே இழுத்துக்கொண்டார். மான் சொல்லி வந்த நோயாளி இவர்தான் என்று டாக்டரம்மா எல்லாரிடமும் சொல்லிச் சிரித்தாள். ஆனால் என்னைத் தனியே கூப்பிட்டு, துப்பாக்கி சீசன் முடியும்வரை இருந்திருந்தால் முழங்காலோடு போயிருக்கும் என்றும் சொன்னாள்.

இப்போது குழி ஆறிக்கொண்டு வருகிறது. காலையில் காபி குடித்ததும் அவராகவே காலை நீட்டுகிறார், நான் கட்டைப் பிரித்துப் பார்த்து, மோந்து, தேவலை என்கிறேன். மறுபேச்சில்லாமல் நம்புகிறார். சர்க்கரைக்கு மாத்திரை ஒழுங்காகப் போகிறது. பிராந்தி நின்றுவிட்டது, அதைப் பற்றிப் பேச்சில்லை. நடைவண்டியைப் பிடித்துக்கொண்டு தாழ்வாரம்வரை போகிறார். வில் சீசன் முடிவதற்குள் ஓடைக்கரை மறைவில் அவரை உட்கார வைத்தே தீருவேன். நான் சொன்னால் செய்வேன், உனக்குத் தெரியும்.

நான் இந்தக் கடிதம் எழுதப்போவதைச் சொன்னபோது, பரண், காற்று, மான்கறி என்று ஏதாவது எழுதச் சொல்வார் என்றுதான் நினைத்தேன். "அவன சாக்ஸக் கழட்டிப் பாக்கச் சொல்லு" என்றார். அவ்வளவுதான் சொன்னார்.

ஆர்லோ, போன கோடையில் நீ ஒன்று சொன்னாய். அரிசோனா வெயிலில் உன் வீட்டு முற்றத்துச் சிமெண்டு முட்டை பொரிக்கிற சூட்டில் கிடக்கிறது, அக்கம்பக்கத்தார் செருப்போடு துள்ளுகிறார்கள், நீ மட்டும் வெறுங்காலோடு தபாலெடுக்கப் போய்வருகிறாய், சுடவே இல்லை என்றாய். நாங்கள் இருவரும் சிரித்தோம். உன் அண்ணன், "எங்க தோலு அப்படி" என்று பெருமைகூடப் பட்டார். சர்க்கரை முதலில் காலின் உணர்வைத்தான் கொல்லும் என்று ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா சொன்னபோது, அந்தச் சிரிப்புதான் எனக்கு நினைவுக்கு வந்தது.

உங்கள் அப்பாவின் சர்க்கரை உனக்கும் இருக்கிறது. கட்டினவள் கேரல் போன பிறகு உன் வீட்டில் வேறு மூக்கு இல்லை, வேறு கண் இல்லை. உன் முற்றத்தில் ஒரு மானும் வந்து சொல்லாது. அதனால் அண்ணி காலில் விழாத குறையாகக் கேட்கிறேன். கடிதத்தைக் கீழே வை. முகம் பார்க்கும் கண்ணாடியைத் தரையில் வைத்து, சாக்ஸைக் கழற்றி, இரண்டு காலையும் அதன் மேல் தூக்கிப் பார். விரலிடுக்கிலும் பார். பார்த்துவிட்டு எழுது. நன்றாக இருந்தாலும் எழுது, இல்லாவிட்டால் எழுதக்கூட வேண்டாம், நேரே டாக்டரிடம் போ. உன் இரண்டு காலும் உன் ஆயுசுக்கும் உன்னைச் சுமக்கட்டும்.

உன் பதிலுக்கு வாசலைப் பார்த்துக்கொண்டிருக்கும்,
அண்ணி
மார்லிஸ்