சிவப்பு மையால் அடித்த நிபாணி

ஜூலை 9, 1964. வியாழன். மாட்டுங்கா
விடாத மழை. குடைக் கம்பி முறிந்துவிட்டது, ரிப்பேருக்குக் கொடுக்கவேண்டும்.

இன்றும் தபால் இல்லை. கன்னியாகுமரி சேரும்வரை வாரம் ஒரு உறை, நோட்டுப் பக்கங்களைக் கிழித்து அனுப்புவதாகச் சொல்லித்தான் ரவி சைக்கிளை எடுத்தான். கடைசி உறை வந்து பத்தொன்பது நாள். மறுபடி படித்தேன். "சதாரா–கோலாப்பூர், 75 மைல். எதிர்க்காற்று. நாளை நிபாணி, 24." அவ்வளவே.

ஜானகி: "ஏன்னா, எங்க படுத்துண்டான், யார் சாதம் போட்டா, ஒண்ணுமே இல்லையா அதுல?"

இல்லை.

ஜூலை 10
தாராவி. ரவியின் சைக்கிளைப் பிரித்துப் பூட்டிக்கொடுத்த சுடலையின் கடை. பக்கங்களைப் படித்துக் காட்டினேன்.

"பஞ்சர் எங்க ஒட்டுனான், சார்வாள்?"

"எழுதலையே."

"பொறவு என்னத்த எழுதுதான்? ஒட்டுனவன் பேரு இருந்தா ஒரு கார்டு போட்டுக் கேட்டிரலாம்லா. மைல்கல்லுகிட்டயா போயி கேக்க?"

பெஞ்சில் இருந்தவன் சிரித்தான்.

"ஏல, சிரிக்காத. பிள்ளையக் காணோம்னு வந்திருக்காவ."

ரவிக்கு எழுதக் கற்றுக்கொடுத்தவன் நான்.

ஜூலை 11
பல் வலி. டிரங்குப் பெட்டியில் ரவியின் பழைய நோட்டு. இரண்டு வருஷத்துக்கு முன் சைக்கிளில் பெல்காம் போய்வந்தபோது எழுதியது. முழுக்க என் சிவப்பு மை. நான் அடித்த வரிகள்: கூடவே ஓடிவந்த நாய். கரும்புச் சாறு கொடுத்த கிழவர். காட் மலைப்பாதை ஏற்றத்தில் அழுதது. ஓரத்தில் என் கையெழுத்து: "தேவையற்றது. தூரம், நேரம் போதும்."

முப்பது வருஷம் உதாரணம் சொல்லியே பாடம் நடத்தியவன். மகனுடைய உதாரணங்களை ஒன்றுவிடாமல் அடித்திருக்கிறேன். படிக்க வேண்டியதே அவைதான்.

ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தேன். மைக்கு அடியில்: "நிபாணி. புகையிலைக் கோடவுன் வாட்ச்மேன் குமாரசாமி, தமிழர். அடுத்த தடவையும் தன் வீட்டில்தான் தங்கவேண்டும் என்றார்."

ஜானகியிடம் காட்டினேன். "கெளம்புங்கோ" என்றாள்.

ஜூலை 13. நிபாணி
கோலாப்பூர் வரை ரயில், பிறகு பஸ். கால் வீக்கம். கோடவுன் நாலைந்து. மூன்றாவதில் குமாரசாமி என்றதும் பின்புறம் ஒரு வீட்டைக் காட்டினார்கள்.

வாசலில் ரவியின் சைக்கிள். செயின் முழுக்கத் துரு. அதன் மணியை ஒரு தடவை அடித்தேன்.

குமாரசாமியின் மனைவி வெளியே வந்தார். "ரவி தம்பி அப்பாங்களா? அதே மூஞ்சி. மொதல்ல உக்காருங்க. உசுருக்கு ஒண்ணுமில்ல. டைபாய்டு, ஆஸ்பத்திரில மூணு வாரம். ஒரே பெனாத்தல். நேத்துத்தான் கண்ண முழிச்சுக் கஞ்சி கேட்டுச்சு."

"ஒரு கார்டு போட்டிருக்கலாமே, அம்மா."

"வெலாசம் வேணுமில்லீங்க? எங்க வீட்டுக்காரரு நோட்ட மொதல்லேர்ந்து கடசி வரைக்கும் பொரட்டுனாரு. யாரு பேரும் இல்ல, ஊட்டு நம்பரும் இல்ல. வெறும் மைலுதான்."

ஆஸ்பத்திரியில் நாலு மணிக்குத்தான் உள்ளே விடுவார்களாம். இப்போது மூன்று இருபது. கஞ்சித் தூக்கு என் மடியில், சுடுகிறது. அந்த அம்மாளிடம் பெயர் கேட்டேன். செல்லம்மாள்.