வால்வு சூடாகும் அரை நிமிஷம்

மார்ச் 3, செவ்வாய்

இரண்டாம் நம்பர் கம்ப்ரசர் மறுபடியும் படுத்துக்கொண்டது. பேரிங் தேய்ந்துவிட்டது, மாற்றுங்கள் என்று பத்து நாளாகக் கத்துகிறேன். ஃபோர்மேன், "ரெண்டு தட்டு தட்டு, ஓடும்" என்கிறார். தட்டி ஓட்டவா டிப்ளமா படித்தேன்?

அந்தக் கடுப்போடு வீட்டுக்கு வந்தால் எதிர் வீட்டுத் தையல்காரர் கூடத்தில் உட்கார்ந்திருக்கிறார். தெருப் படிப்பகத்துக்கு இந்த மாதம் ஐம்பது வயதாம். இருபத்திரண்டாம் தேதி பழைய பொருட்கள் கண்காட்சி. யார் வீட்டிலோ டைப்ரைட்டர், யார் வீட்டிலோ விரலால் சுழற்றும் டெலிபோன். எங்கள் வீட்டிலிருந்து ரேடியோ. அதுவும் பாடுகிற ரேடியோவாக வேண்டுமாம்.

"உங்க அப்பா ரேடியோவுலதான்டா இந்தத் தெருவே பாட்டு கத்துக்கிச்சு. நான் சட்டைக்குக் காஜா எடுத்ததெல்லாம் அந்தத் தாளத்துலதான்."

அப்பா ஜன்னலோர நாற்காலியில். எட்டு மாதமாக வலது பக்கம் விளங்கவில்லை, பேச்சும் போய்விட்டது. வாயோரம் வழிவதை அம்மா துடைத்துக்கொண்டிருந்தாள். தையல்காரர் அவர் தோளைத் தொட்டு, அந்தக் காலமெல்லாம் இனி வருமாண்ணே என்று பெருமூச்சு விட்டார்.

வர வேண்டாம். முடியாது என்று முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டேன்.

மார்ச் 5, வியாழன்

அம்மா கேட்கிறாள். ரேடியோவைச் சரி பண்ணிக் கொடுக்கணுமாம். டிவியில் பாட்டு வருகிறதே என்றேன். அது வேற என்கிறாள். செல்போனில் போட்டுத் தருகிறேன் என்றேன். அதுவும் வேறயாம்.

இருபத்தாறு வருஷத்தில் அம்மா என்னிடம் வாய் விட்டுக் கேட்ட முதல் பொருள். அது அந்தச் சனியன்தானா?

மார்ச் 8, ஞாயிறு

பரணிலிருந்து இறக்கினேன். என்ன கனம்! தேக்குப் பெட்டி, முன்னால் பொன்னிறத் துணி, தந்த நிறத்தில் நான்கு திருகு. நடுவில் பச்சைக் கண். நிலையம் சரியாகப் பிடித்தால் அது மெல்லக் குவியும். தெருப் பிள்ளைகள் ஜன்னலில் தொங்கிக்கொண்டு அந்தக் கண்ணைப் பார்ப்பார்கள். அப்பா வாங்கும்போதே அது அரதப் பழசு. புது டிரான்சிஸ்டரெல்லாம் தகர டப்பா, இதில்தான் குரலுக்கு உடம்பு இருக்கும் என்பார். மஞ்சள் துணியால் தினம் துடைப்பார். எங்கள் யாரையும் அப்படி ஒரு பதமாகத் தொட்டதில்லை.

எழுதிவிடுகிறேன். எங்கும் எழுதினதில்லை.

வால்வு ரேடியோ போட்டவுடன் பாடாது. சூடாக அரை நிமிஷம் ஆகும். முதலில் ஒரு 'க்ளிக்', பிறகு ரீங்காரம், பிறகு பச்சை. அந்த 'க்ளிக்' கேட்டதும் அம்மா எங்களைப் பார்ப்பாள். அக்கா என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு கொல்லைக்கு ஓடுவாள். அம்மா அடுப்பை அணைப்பாள். வளையலைக் கழற்றி அலமாரியில் வைப்பாள் — உடைந்தால் கையைக் கிழிக்கும். எல்லாம் அந்த அரை நிமிஷத்துக்குள். பிறகு பாட்டு. சத்தம் முழுசாக. தெருவுக்கு அது பாட்டு மட்டும்தான்.

பாட்டு முடிந்து அறிவிப்பாளர் பேசும்போது அடி நிற்கும். அடுத்த பாட்டு தொடங்கினால் தொடரும். பெல்ட், செருப்பு, ஒரு தடவை இஸ்திரிப் பெட்டி. அம்மாவின் இடது முழங்கை இன்றுவரை முழுதாக நீளாது.

அக்காவுக்குப் படம் அனுப்பினேன். "ஐயோ, நம்ம ரேடியோ! எவ்ளோ அழகா இருக்கு" என்று எழுதியிருக்கிறாள். கொல்லையில் என் காதைப் பொத்தியவள் அவள்தான். எப்படி மறந்தாள்? மறந்தால்தான் வாழ முடிகிறதோ, என்ன எழவோ.

மார்ச் 14, சனி

பவர் கண்டன்சர் இரண்டும் உப்பிப்போயிருந்தன. மாற்றினேன். காகிதக் கண்டன்சர்களில் மெழுகு உருகி வழிந்திருந்தது, அதையும் மாற்றினேன். ஒரு வால்வு பழைய மார்க்கெட்டில் கிடைத்தது. வேலை சுலபம். இந்தக் காலத்துச் சர்க்யூட் பலகையில் மூக்குக்கண்ணாடி போட்டுத் தேட வேண்டும். இதில் எல்லாம் விரல் தடிமன். செய்தவன் வேலை தெரிந்தவன். அதை மறுக்க மாட்டேன்.

சத்தம் கூட்டும் திருகு கரகரத்தது. பிரித்துத் துடைக்கலாம் என்று திறந்தேன். உள்ளே கருப்பாக ஒரு கார்பன் தடம், குதிரை லாடம் மாதிரி. திருகைத் திருப்பினால் ஒரு முள் அதன் மேல் ஓடும். எங்கே அதிகம் வைக்கிறோமோ அங்கே தேயும். எல்லா ரேடியோவிலும் கீழ்ப் பக்கம், சத்தம் குறைவாக வைக்கிற இடம் தேய்ந்திருக்கும். காலை நேரத்துப் பாட்டு, செய்தி, அதெல்லாம்.

இதில் இரண்டு இடம். ஒன்று கீழே, லேசாக. இன்னொன்று சத்தம் முழுசாகும் கடைசி முனையில், அடி வரைக்கும் சுரண்டியிருந்தது.

லைட்டைக் கிட்டே பிடித்துப் பார்த்துக்கொண்டே இருந்தேன். எங்கள் வீட்டில் நடந்ததற்கு வேறு சாட்சி கிடையாது.

ஸ்க்ரூ டிரைவரை மேஜையில் குத்தியதில் உள்ளங்கை கிழிந்துவிட்டது. புதுத் திருகு வாங்க வேண்டும்.

மார்ச் 15, ஞாயிறு

பாடிற்று. மீடியம் வேவில் ஒரே ஒரு நிலையம் இன்னும் மூச்சு விடுகிறது. பகலில் பழைய பாட்டு.

அம்மா திருகுகளை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தாள். இத்தனை வருஷத்தில் அவள் விரல் அதில் பட்டு நான் பார்த்ததில்லை. எது சத்தம் கூட்டுறது என்று கேட்டாள். காட்டினேன்.

அப்பா நாற்காலியில் கண் கொட்டாமல் பார்த்தார்.

மார்ச் 19, வியாழன்

கம்ப்ரசர் கடைசியில் உடைந்தேவிட்டது. லைன் நின்றதால் பகலிலேயே அனுப்பிவிட்டார்கள்.

தெருமுனையில் திரும்பினேன். ரேடியோ முழுச் சத்தத்தில். கால் நின்றுவிட்டது. ஏழு வயசுக் கால் அது. தையல்காரர் மிஷினில் இருந்தபடியே தலையாட்டி ரசித்தார். "கேட்டியாடா, அம்மா போட்டிருக்காங்க."

உள்ளே போனேன். அறைக் கதவு சாத்தியிருந்தது. தள்ளினேன்.

அம்மா அடித்துக்கொண்டிருந்தாள். கையால். கன்னம், காது, பிடரி, மறுபடி கன்னம். வெறி இல்லை முகத்தில். துணி துவைக்கிறவள் முகம். வளையலைக் கழற்றி வைத்திருந்தாள். அப்பா இடது கையைத் தூக்கினார். அம்மா அதைப் பிடித்து மடியில் இறக்கி வைத்துவிட்டு அடித்தாள். மூக்கில் ரத்தம்.

பாட்டு முடிந்தது. நிறுத்தினாள்.

நான் தடுக்கவில்லை. அந்தப் பாட்டு முடியும்வரை நிலைப்படியில் நின்றேன். பயந்து நின்றேன் என்று எழுதினால் பொய். நல்லா வாங்கு என்று நின்றேன். இன்னும் ரெண்டு போடும்மா என்று நின்றேன்.

அம்மா திரும்பிப் பார்த்து, "சாப்பிட்டியாடா?" என்றாள்.

மார்ச் 20, வெள்ளி

அவர் சட்டையைக் கழற்றிப் பார்த்தேன். தோளில் பழைய மஞ்சள், புது நீலம். நான் ரேடியோவைச் சரி பண்ணிக் கொடுத்த நாளிலிருந்து.

சரி பண்ணிக் கொடுத்தது யார்? நான்தானே. சந்தோஷமாக இல்லை. ஏன் சந்தோஷமாக இல்லை?

மார்ச் 22, ஞாயிறு

வரிசையாக எழுதப் பார்க்கிறேன்.

ரேடியோவைத் தர மாட்டேன் என்றேன். அம்மா எனக்கு முன்னால் கொடுத்தனுப்பிவிட்டாள். படிப்பகத்தில் வெள்ளை விரிப்புப் போட்ட மேஜையில், நடுநாயகமாக. அப்பாவைச் சக்கர நாற்காலியில் முதல் வரிசையில் வைத்தார்கள். கன்னத்து நீலத்துக்கு மேல் அம்மா பவுடர் அப்பியிருந்தாள். ஆளாளுக்குக் குனிந்து பச்சைக் கண்ணைப் படம் எடுத்தார்கள். அந்தக் காலத்துப் பொருளில் ஒரு ஆத்மா இருந்தது, இப்போ எல்லாம் பிளாஸ்டிக் என்று ஒருவர் பேசினார். கைதட்டல்.

தையல்காரர் திருகைத் தொட்டார். 'க்ளிக்'.

நான் அப்பாவைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த அரை நிமிஷம். இடது கை மெல்ல எழுந்து முகத்தை மறைத்தது. தோள் ஒடுங்கியது. பாட்டு எழுந்ததும் தையல்காரர் சத்தத்தை முழுசாகக் கூட்டினார். அப்பா உடம்பு தூக்கிப் போட்டது. கண்ணில் தண்ணீர். வேட்டி நனைந்து, சக்கரத்தின் பக்கம் சொட்டியது.

"பாருங்க, பழைய ஞாபகத்துல மனுஷன் உருகிட்டாரு" என்று மைக்கில் சொன்னார்கள். மறுபடி கைதட்டல்.

எனக்கு அதற்குமேல் தெரியவில்லை. விரிப்போடு இழுத்தேன். ரேடியோ தரையில் விழுந்தும் பாடியது. சனியன், விழுந்தும் பாடியது. இரும்பு நாற்காலியைத் தூக்கி அடித்தேன். வால்வு ஒவ்வொன்றாக 'டப் டப்' என்று வெடித்தது. பெட்டி பிளந்தது. நின்ற பிறகும் அடித்தேன். யாரோ பிடித்தார்கள், அவரையும் முழங்கையால் இடித்தேன். அவருக்குப் பல் போயிருக்கிறது என்கிறார்கள்.

தையல்காரர் சட்டையைப் பிடித்துச் சுவரோடு வைத்துக் கேட்டேன். "எங்கப்பா எதுக்குச் சத்தமா வெச்சாருன்னு தெரியுமா உங்களுக்கு?"

அவர் என் கையை விலக்கக்கூட இல்லை.

"தெரியும்டா. பாட்டுக்கு நடுவுல உங்கம்மா குரல் கேக்கும். நான் மிஷினை வேகமா மிதிப்பேன்."

விட்டுவிட்டேன். அம்மா குனிந்து தரையில் கண்ணாடித் துண்டு பொறுக்கிக்கொண்டிருந்தாள், யார் காலிலாவது குத்திவிடப் போகிறதென்று.

மார்ச் 23, திங்கள்

அம்மாவோடு பேசினேன். பேசினேன் என்ன, கத்தினேன். உடைத்தாகிவிட்டது, இதோடு முடிந்தது என்றேன்.

"ரேடியோவை ஒடைச்சா நின்னுடுமா? மிக்ஸி இருக்கு" என்றாள்.

பிறகு வெகுநேரம் கழித்து, வெங்காயம் நறுக்கிக்கொண்டே: "கை வலிக்குதுடா எனக்கு. காலையில எந்திரிக்கும்போதே இன்னிக்கு வேணாம்னுதான் எந்திரிக்கிறேன். அந்த ஆள் வாயத் தொடைக்கும்போது எங்கிருந்தோ வந்துடுது."

இவளை எப்படித் திட்டுவது? அவருக்கு இது வேண்டியதுதான். ஆனால் இவளுக்கு இது வேண்டாம்.

மார்ச் 28, சனி

அக்கா வந்து அம்மாவை அழைத்துக்கொண்டு போனாள். ரேடியோ எங்கே என்று அக்கா கேட்கவில்லை. தெருவில் யாரோ சொல்லியிருக்க வேண்டும். போகும்போது என் காதை ஒரு தரம் தொட்டுவிட்டுப் போனாள்.

நானும் அவரும்.

மார்ச் 31, செவ்வாய்

சோற்றை என் முகத்தில் துப்பினார். அறைந்தேன்.

வாஷ்பேசினில் தண்ணீரைத் திறந்துவிட்டிருந்தேன். எதற்குத் திறந்தேன்?

ஏப்ரல் 1, புதன்

லீவு போட்டேன். டூல் பாக்ஸை எடுத்து அவர் அறைக் கதவைக் கழற்றினேன். மூன்று கீல், பன்னிரண்டு ஸ்க்ரூ, எல்லாம் துரு, கழற்றுவதற்குள் நாக்கு வெளியே தள்ளிவிட்டது. அப்புறம் கூடத்துக் கதவு. வாசல் கதவை மட்டும் விட்டேன், பகலில் பூட்டுவதில்லை. இப்போது தெருவிலிருந்து நேராக அவர் கட்டில் தெரிகிறது.

அறைக் கதவைத் தோளில் சுமந்துகொண்டு போய் எதிர் வீட்டுச் சுவரில் சாய்த்து வைத்தேன். தையல்காரரிடம் சொன்னேன்: வெட்டுமேஜையாக வைத்துக்கொள்ளுங்கள். எங்கள் வீட்டில் தண்ணீர் சத்தம், மிக்ஸி சத்தம், டிவி சத்தம், எது கூடினாலும் உள்ளே வந்துவிடுங்கள். என்னைக் கேட்க வேண்டாம். தேவைப்பட்டால் கத்தரியோடு வாருங்கள்.

அவர் யோசித்துவிட்டு, "காலையில நீ வேலைக்குப் போற நேரம் நான் அங்கயே உக்காந்து காஜா எடுக்கறேன்" என்றார். மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை. கேட்டிருந்தால் இன்னொரு சட்டை கிழிந்திருக்கும்.

ஏப்ரல் 9, வியாழன்

காலை ஷிஃப்ட். வந்தால் தையல்காரர் கிளம்புகிறார். பல் போனவரிடம் போய் நின்றேன், திட்டிவிட்டு உள்ளே கூப்பிட்டார். அப்பாவை இன்றைக்கு அடிக்கவில்லை. நேற்றும் இல்லை. ஒரு தடவை கை எழுந்தது. தெருவில் பால்காரர் நின்று பார்த்தார். இறங்கிவிட்டது.

ஏப்ரல் 19, ஞாயிறு

அம்மா வந்தாள். கதவில்லாத நிலைப்படியைக் கையால் தடவிப் பார்த்தாள். அவளைக் கண்டதும் கட்டிலில் அவர் இடது கை முகத்துக்குப் போனது. அம்மா அதைப் பார்த்துக்கொண்டே நின்றாள்.

உள்ளே வாயேம்மா என்றேன்.

"வேணாம். நான் இங்கயே இருக்கேன்" என்று கூடத்தில் உட்கார்ந்தாள். வளையல் போட்டிருந்தாள்.

மதியச் சோறு. நான் ஊட்டினேன், அவள் அங்கிருந்து பார்த்தாள். இரண்டு வாய் உள்ளே போனது, மூன்றாவது வழிந்தது. நான்காவதை அழுத்தித் திணித்தேன்.

"மெதுவாடா. அவருக்குத் தொண்டையில நிக்குது பாரு."

கரண்டியைத் தட்டில் வைத்தேன். அவர் விழுங்கும்வரை காத்திருந்தேன். நேரம் எடுத்தது. பிறகு மறுபடி எடுத்தேன்.